மூன்றாவது குவளை

கார் கொட்டகையின் கதவைத் தூக்கியதும் அந்தப் பழைய குளிர்பெட்டியின் முனகல் நோரீனை வரவேற்றது. கணவன் டெல்மர் இறந்த பிறகும் அதை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. உள்ளே, பெரிய கண்ணாடிக் குடுவையில், அவன் கடைசியாகக் காய்ச்சிப் போட்ட கோதுமை பியர் இருந்தது. பொங்கி, அடங்கி, அடிவண்டல் படிந்து, மேலே வெளிர்மஞ்சளாகத் தெளிந்துவிட்டது. காய்ச்சியவன்தான் இல்லை.

டெல்மரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே சங்கத்துக்காரர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். இந்த ஏரிக்கரைப் பக்கம் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் சங்கம் அது. உறுப்பினர் ஒருவர் இறந்தால் அவர் கடைசியாகப் போட்டுவைத்ததை மற்றவர்கள் அவர் வீட்டுப் பின்முற்றத்தில் கூடிக் குடித்துத் தீர்ப்பார்கள். பீப்பாய் காலியாகும்வரை ஒருவரும் எழுந்து போகக்கூடாது. நோரீனும் சரியென்று சொல்லியிருந்தாள்.

அந்த நாள் நாளைக்கு.

ஆனால் குடுவையில் இருப்பது இன்னும் டெல்மரின் பியர் ஆகவில்லை. அதில் ஆரஞ்சுத் தோல் சேரவில்லை.

"அம்மா! நான் வந்துட்டேன்." மகள் ஷெல்பி டாம்பா நகரத்திலிருந்து காரோட்டி வந்த களைப்போடு உள்ளே வந்தாள். கையில் ஒரு பை. "கடைல கேட்டேன். இதுவே போதும்னு சொன்னாங்க. ஆரஞ்சு எசன்ஸ்."

நோரீன் அந்தச் சின்னக் குப்பியை வாங்கித் திறந்து மோந்து பார்த்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரம் நினைவுக்கு வந்தது.

"உங்கப்பா இதப் பாத்தா எந்திரிச்சு வந்துருவாரு."

"அதுக்காகவாவது ஊத்தலாம்," என்றாள் ஷெல்பி. சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டெல்மரின் பியரை அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அதன் மணம் பின்முற்றத்து மரத்தின் மணம். அவன் அப்பா வைத்தபோது அது இனிப்பு ஆரஞ்சு. ஒரு கிறிஸ்துமஸ் சமயத்துக் கடும்பனியில் ஒட்டுப்போட்ட மேல்மரம் கருகிச் செத்தது. அடியில் இருந்த வேர்மரம் துளிர்த்து, அதன் சொந்தக் காயைக் காய்த்தது. நாரத்தையைப் போலக் கசப்பும் புளிப்புமான காய். தோப்புக்காரர்கள் எல்லாரும் வெட்டிப்போடு என்றார்கள். டெல்மர் மட்டும் அதன் தோலைச் சீவி மோந்து பார்த்தான். பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் அந்தத் தோல் அவன் பியருக்குள் போனது.

அதன் பிறகு ஆரஞ்சுத் தோப்புகளில் நோய் வந்தது. இலை மஞ்சளாகி, காய் பாதி பச்சையாகவே உதிரும் நோய். தீர்வில்லாதது. டெல்மரின் மரத்துக்கும் அது வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் டெல்மரின் அண்ணன் ராய்ஸ் புதிதாக இளங்கன்றுகள் நட்டிருந்தார். அந்த நோயைப் பரப்பும் பூச்சி இந்த மரத்திலிருந்து அந்தக் கன்றுக்குப் போக வேலி தடையில்லை.

டெல்மர் புற்றுநோய்க்கான முதல் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராய்ஸ் ரம்பத்தோடு வந்தார். நோரீன் தடுக்கவில்லை, தலையாட்டினாள். அன்றைக்கு அவளுக்கு மரம் ஒரு பொருட்டாகவே இல்லை.

டெல்மர் வீடு திரும்பிய அன்று வெட்டிய அடிமரத்தின் பக்கத்தில் வெகுநேரம் நின்றான். மணலில் சிதறிக் கிடந்த காய்களைத் துணிப்பையில் பொறுக்கிக்கொண்டு வந்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து சீவினான். மருந்தின் வேகத்தில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. கத்தி மேல்தோலோடு நிற்கவில்லை, அடியிலிருந்த வெள்ளையையும் சேர்த்து எடுத்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் விரல்கள் கேட்டிருக்காது.

அண்ணனோடு பேச்சை அன்றோடு நிறுத்தினான்.

கொட்டகை வாசலில் ஒரு பழைய லாரியின் சத்தம் கேட்டது. நோரீன் எட்டிப் பார்த்தாள். மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் கூப்பிட்டேன்," என்றாள் ஷெல்பி. "வேற யாருக்கு இது தெரியும்? ரெண்டு பேரும் சின்ன வயசுல தாத்தாவோட களஞ்சியத்துல ஒண்ணாதான காய்ச்சுனாங்க?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

ராய்ஸ் வாசலிலேயே நின்றார். தோப்பு மணல் ஒட்டிய பூட்ஸ். டெல்மரின் அதே தாடை, அதே காது. அதைப் பார்க்க நோரீனுக்குச் சிரமமாக இருந்தது.

"உள்ள வரலாமா?"

"கதவு தொறந்துதான இருக்கு, ராய்ஸ்."

அவர் வந்து குளிர்பெட்டியைத் திறந்து, குடுவையைக் குனிந்து பார்த்தார். வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்தார். "நல்லாத் தெளிஞ்சிருக்கு. உடம்பு அப்படி இருந்தும் சுத்தமாத்தான் செஞ்சிருக்கான்." பிறகு மேஜையில் இருந்த எசன்ஸ் குப்பியைப் பார்த்தார். "இது யாரு கொண்டாந்தது?"

"நான்தான் பெரியப்பா."

"நல்லது. நாளைக்கு எல்லாரும் போனப்புறம் தரை தொடைக்க ஆகும்."

ஷெல்பி சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. நோரீன் சிரிக்கவில்லை. மேல் தட்டிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

வோட்காவில் ஊறிய தோல். பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறத்தில் சாறு இறங்கியிருந்தது. அன்று சீவியதில் பாதி இது. உலர்த்தி வைத்திருந்ததைத் தன் கடைசி மாதங்களில் டெல்மர் ஊறப்போட்டான். மற்றப் பாதி சங்கத்தின் வசந்தகாலத்து பியர் போட்டிக்குக் கொண்டுபோன பியரில் போய்விட்டது.

"மரத்துல மிச்சம் இவ்வளவுதான்," என்றாள்.

ராய்ஸ் ஜாடியைத் தொடவில்லை.

வசந்தகாலத்துப் போட்டி. அதைப்பற்றி நோரீன் யாரிடமும் பேசியதில்லை.

அந்த மருந்துகள் டெல்மரின் நாக்கையும் மூக்கையும் எடுத்துக்கொண்டன. காப்பியும் வெந்நீரும் அவனுக்கு ஒன்றாகிவிட்டன. வறுத்த மீனை அட்டையைப்போல மென்றான். காய்ச்சுவதை மட்டும் விடவில்லை. கை பழக்கத்தில் செய்தது. ருசிக்கு அவன் நோரீனை நம்பினான். துணி மடித்துக்கொண்டிருப்பாள், மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருப்பாள், அவன் குவளையை நீட்டுவான்.

அன்றும் அப்படித்தான் நீட்டினான். ராத்திரியெல்லாம் அவனுக்கு வாந்தி. விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். புளித்த மணம் எதுவும் கிட்டே வந்தாலே அவளுக்குக் குமட்டிய நாட்கள் அவை. குவளையை உதடுவரை கொண்டுபோனாள். உதட்டில் படவில்லை.

"நல்லா இருக்கு, டெல்."

"கசக்கலையே?"

"இல்லையே."

அவன் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தான். சரியென்று தலையாட்டிவிட்டுப் போனான்.

போட்டித் திடலில் எல்லாரும் டெல்மரின் மேஜைக்கு முதலில் வந்தார்கள். ஒரு வாய் குடித்தார்கள். அவன் தோளைத் தட்டினார்கள். அப்புறம் குவளைகள் ஒவ்வொன்றாக நாற்காலிகளுக்கு அடியில் ஒதுங்கின, பாதிக்குமேல் நிறைந்தபடி. கூட்டம் கலைந்ததும் டெல்மரே குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கிப் புல்லில் கொட்டினான். காரில் திரும்பும்போது, "இந்த வருஷம் யாருக்கும் தாகமில்ல போல," என்றான். அவ்வளவுதான்.

நாளைக்கு அவள் முற்றத்தில் ஒரு குவளைகூட நாற்காலிக்கடியில் ஒதுங்கக்கூடாது. நோரீனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதைத் தருவதற்கு இருப்பது இந்த ஒரு ஜாடி.

"எவ்வளவு ஊத்தணும்?" ஷெல்பி கேட்டாள். "மொத்தத்தையும் கவுத்துடலாமா?"

"கவுத்தா திரும்ப எடுக்க முடியாது," என்றார் ராய்ஸ். "குவளைல பாத்துட்டுத்தான் பீப்பாய்க்குப் போகணும். ஒரே அளவா மூணு குவளை ஊத்து. ஒண்ணுல கொஞ்சம், அடுத்ததுல அதுக்கு ரெண்டு மடங்கு, அப்புறம் மூணு மடங்கு. எது சரின்னு நாக்கு சொல்லும். அப்புறம் வெறும் கணக்குதான். அளந்து ஊத்த எதாவது இருக்கா? கோடு போட்டது?"

நோரீன் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே டெல்மருக்கு வாய்வழி மருந்து கொடுத்த ஊசியில்லாக் குழல் இருந்தது. கடைசி வாரத்தில் தண்ணீர்கூட இதில்தான் கொடுத்தாள். வெந்நீரில் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள். அது எதற்காக வாங்கியது என்று மற்ற இருவரும் கேட்கவில்லை.

ஷெல்பி குவளைகளில் பியரை ஊற்றினாள். ராய்ஸ் உப்பு பிஸ்கட்டை உடைத்து வைத்தார், நடுவில் நாக்கைத் துடைக்க. நோரீன் குழலில் சாற்றை இழுத்து ஒவ்வொன்றிலும் விட்டாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. கைக்கு நல்ல பழக்கம் இருந்தது.

"மொதல்ல நீ குடி," என்றார் ராய்ஸ்.

"ஏன் நானு? உங்களுக்குத்தான தெரியும்?"

"இது உன் வீட்டு பியர்."

முதல் குவளையில் ஒன்றுமில்லை. கோதுமை, குளிர்ச்சி, நுரை. இரண்டாவதில் யாரோ அடுத்த அறையில் ஆரஞ்சு உரிப்பதுபோலத் தூரத்தில் ஒரு மணம். அவள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாவதை எடுத்தாள்.

முதலில் மணம் முழுசாக வந்தது. மரம் நின்ற இடம், காலைவெயில், இலையைக் கசக்கிய விரல் எல்லாம் வந்தன. கண்ணை மூடிக்கொண்டாள். விழுங்கிய பிறகு கசப்பு வந்தது. தொண்டையின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தது. வெள்ளையின் கசப்பு. மரத்துப்போன விரல்கள் விட்டுவைத்தது.

அவள் குவளையைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா?" என்றாள் ஷெல்பி. தானும் ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. "ஐயோ! இது என்ன, வேப்பெண்ணெய் கணக்கா."

ராய்ஸ் வாங்கிக் குடித்தார். மெதுவாக விழுங்கினார். "அதே கசப்பு," என்றார்.

"எந்தக் கசப்பு?" நோரீன் கேட்டாள்.

அவர் குவளையை மேஜையில் ஒரு வட்டமாக நகர்த்தினார்.

"ராய்ஸ். எந்தக் கசப்பு?"

"போட்டிக்குக் கொண்டுபோனது."

"நீங்க போட்டிக்கு வரவே இல்லையே. டெல்தான் உங்ககூட பேசறதே இல்லையே."

"வந்தான்," என்றார் ராய்ஸ். "போட்டிக்கு முந்தின வாரம். நீ மருந்துக் கடைக்குப் போயிருந்தியாம். வேலியத் தாண்டி, ஒரு கம்பை ஊணிக்கிட்டு நடந்தே வந்தான். கக்கத்துல ரெண்டு பாட்டிலு. படில உக்காந்து மூச்சு வாங்கிட்டு, 'இன்னும் எம்மேல கோவமா இருக்கியா?'ன்னான். 'நீதானடா பேசாம இருக்கே'ன்னேன். 'எல்லாம் ஒண்ணுதான். எம்மேல பாசமா இருக்கவங்க எல்லாரும் நல்லா இருக்குங்குறாங்க. நீ குடிச்சுப் பாத்துச் சொல்லு'ன்னான்."

ஷெல்பி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"குடிச்சேன். 'வேலிக் கம்பத்த நக்குனாப்புல இருக்கு. போய்க் கீழ கொட்டு'ன்னேன். மரத்த வெட்டுனதுக்கு என்னைத் திட்டுவான்னு பாத்தேன். திட்டல. சிரிச்சான். 'நெனச்சேன்'னான்."

"அப்ப ஏன் கொட்டல?" ஷெல்பியின் குரல் உயர்ந்தது. "தெரிஞ்சே எடுத்துட்டுப் போனாரா? அத்தன பேரு முன்னால?"

ராய்ஸ் நோரீனைப் பார்க்காமல் பேசினார். "நானும் அதத்தான் கேட்டேன். 'நோரீன் நல்லா இருக்குன்னு சொன்னா. நான் கொட்டுனா அவ குடிச்சுப் பாக்கலங்கறது எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுரும். அவளே பாவம் எனக்காக எல்லாத்தையும் சொமக்குறா. இதையும் ஏன் அவ தலைல போடணும்'னான்."

வெளியே இரண்டு கொக்குகள் முற்றத்து மணலில் சாவகாசமாக நடந்து போயின. மரம் இருந்தபோது அவை அதைச் சுற்றிப் போகும். இப்போது நேராகப் போயின.

நோரீன் மூன்றாவது குவளையை மறுபடி எடுத்தாள்.

"அம்மா, வேணாம்."

அவள் குடித்தாள். ஒரே மூச்சில் இல்லை, ஒவ்வொரு வாயாக, அடிவரை. இதைத்தான் நல்லா இருக்கு என்று சொன்னாள். இதைத்தான் அவன் திடல் முழுக்கத் தூக்கிக்கொண்டு போய், எல்லார் கையிலும் கொடுத்து, எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் நாக்குக்கு எட்டாத கசப்பு. அவளுக்கு மட்டும் எட்டியிருக்க வேண்டியது.

"உண்மைய சொல்லியிருக்கலாம்," என்றாள். "'என்னால இப்ப முடியல, டெல், நாளைக்குப் பாக்குறேன்'னு. அது போதுமே. ஒரு வாய்தானே."

"நோரீன்..."

"இல்ல, இருங்க. எனக்கு இப்பதான் ஒண்ணு தெரியுது." அவள் ஜாடியைத் தொட்டாள். "எப்பவும் தோலைக் காய்ச்சும்போதே போட்டுருவாரு. ஜாடில ஊறப்போட்டதே கிடையாது. இந்தத் தடவ மட்டும் ஏன்னு கேட்டேன். 'இதுன்னா கடைசில ஒருத்தர் உக்காந்து பாத்துத்தான் ஊத்தணும். ஒரு நாள் நீ எங்கூட உக்காரு, அவசரமில்ல'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?" ஷெல்பி மெதுவாகக் கேட்டாள்.

"பாக்கலாம்னேன்."

ஷெல்பி எழுந்து வந்து அம்மாவின் முதுகில் கை வைத்தாள். நோரீன் அழவில்லை. குழலை எடுத்துக்கொண்டாள்.

"இன்னொரு குவளை ஊத்து. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு."

அதற்கப்புறம் அவசரப்படவில்லை. கொஞ்சம் விட்டாள், குடித்தாள், பிஸ்கட்டைக் கடித்தாள், வெளியே போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து மறுபடி குடித்தாள். ஷெல்பி "இது போதும்மா" என்றபோது, "இல்ல, தொண்டையில நிக்குது" என்றாள். ராய்ஸ் "இன்னும் கொஞ்சம் தாங்கும்" என்றபோது, "உங்க நாக்கு தாங்கும். ஊரு நாக்கு தாங்காது" என்றாள். ராய்ஸ் தலையைச் சொறிந்துகொண்டார்.

மதியச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. வெயில் கொட்டகைக்குள் நீண்டு வந்தபோது ஒரு குவளையை எடுத்துக் குடித்துவிட்டு அப்படியே நின்றாள். மணம் வந்தது. கசப்பு வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"இங்க," என்றாள்.

ஷெல்பி குடித்தாள். "அப்பா," என்றாள். குவளையை ராய்ஸிடம் நீட்டினாள்.

ராய்ஸ் குடித்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு பீப்பாயின் மூடியைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்த மூடிதான் அது.

கணக்கை ஷெல்பி போட்டாள். குடுவையிலிருந்து எஃகுப் பீப்பாய்க்குப் பியரை மாற்றி, அளந்த சாற்றை நோரீன் ஊற்றினாள். ஜாடியில் பாதிக்குமேல் மிஞ்சியது. ராய்ஸ் மூடியை அழுத்தி வாயுக்குழாயைப் பூட்டினார். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒழுகல," என்றார். "காலைல குளுந்துரும். ஐஸ்ஸு சங்கத்துக்காரங்க கொண்டாருவாங்க."

"நாளைக்கு நீங்க எப்ப வர்றீங்க?" என்று கேட்டாள் நோரீன்.

ராய்ஸ் தொப்பியை எடுத்தார். "நான் வரல, நோரீன். அந்த மரத்த நான்தான் வெட்டுனேன்னு அத்தன பேருக்கும் தெரியும். அந்த அடிமரத்துமேலயே குவளைய வச்சுக் குடிப்பாங்க. நான் அங்க எங்க நிக்கிறது?"

"வெட்டச் சொல்லி நானும்தான் தலையாட்டுனேன்."

"அது யாருக்கும் தெரியாதுல்ல."

"நாளைக்குத் தெரியும்," என்றாள் நோரீன்.

அவர் வாசல்வரை போனார். அவள் பின்னாலேயே போனாள்.

"ராய்ஸ். அன்னிக்கு டெல் ரெண்டு பாட்டில் கொண்டாந்தாருன்னீங்களே. ரெண்டையும் குடிச்சிட்டீங்களா?"

அவர் லாரிக் கதவில் கையை வைத்தபடி நின்றார். "ஒண்ணத்தான் தொறந்தோம். இன்னொண்ணு என் குளிர்பெட்டியிலதான் கெடக்கு. குடிக்கவும் முடியல, கொட்டவும் முடியல."

"அவரு காய்ச்சுனது ஒரு சொட்டு மிச்சம் இருக்கக்கூடாது. அதுதான வழக்கம்?"

"அந்த வழக்கம் கடைசியாப் போட்ட பீப்பாய்க்குத்தான். அதுவும் இல்லாம, அந்த எழவ எவன் குடிப்பான்?"

"நான் குடிக்கணும். எல்லாரும் இருக்கும்போது."

ராய்ஸ் அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தார். டெல்மருடையதைப் போன்ற அந்தத் தாடை கொஞ்சம் அசைந்தது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். லாரி உடனே கிளம்பவில்லை. வெட்டிய அடிமரம் தெரிகிற இடத்தில் வெகுநேரம் நின்றது. அப்புறம் வேலியோரமாக மெல்லப் போனது.

"வருவாரா?" என்றாள் ஷெல்பி.

நோரீன் உள்ளே போய்க் குவளைகளைக் கழுவித் துணியில் கவிழ்த்து வைத்தாள். நாளைக்கான நாற்காலிகளை முற்றத்துக்குத் தூக்கிப்போய், அடிமரத்தைச் சுற்றி வட்டமாகப் போட்டாள். வேலிப் பக்கம் ஒரு நாற்காலிக்கு இடம் விட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, கொட்டகையிலிருந்து இன்னொன்றை எடுத்துவந்து அங்கே போட்டாள்.

தொண்டையில் இன்னும் அந்தக் கசப்பு இருந்தது. தண்ணீர் குடிக்க அவள் உள்ளே போகவில்லை.